கை கியர்

மெக்கானிக் பைனான்ஸ்காரருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது. லட்சம், கம்ப்ரசருக்காக வாங்கிய அசல். எண்பத்து நாலாயிரம், அது போட்ட குட்டி. மிச்சம் அறுநூற்று ஐம்பது என்ன கணக்கு என்று மெக்கானிக்கின் பெண்டாட்டி கேட்டதற்கு, "நாங்க வந்து போற பெட்ரோல் செலவு, அக்கா" என்றான் குறடு. அடிக்க வருகிறவனின் வண்டிச் செலவும் அடி வாங்குகிறவன் தலையில்தான்.

குறடு என்பது பட்டப்பெயர். பைனான்ஸ்காரரின் அக்கா மகன் அவன். தவணை தவறிய ஒருத்தனின் தங்கப் பல்லைக் குறடு போட்டுப் பிடுங்கிய நாளிலிருந்து அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. பெற்ற தாயே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று பேச்சு.

மெக்கானிக்குக்குப் பல்லில் தங்கம் இல்லை. அதனால் கையைப் பிடித்தான். நடுப்பகல். தகரக் கூரை சட்டியாகக் காய்ந்து கிடந்த நேரம். மெக்கானிக்கின் பெண்டாட்டி தரையில் குந்தி, மண்ணெண்ணெய்த் தட்டில் பேரிங்குகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பைனான்ஸ்காரர் எதிரில் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்தார். அக்குளில் எப்போதும் இடுக்கியிருக்கிற தோல் பை அப்போதும் இருந்தது. குறடு மெக்கானிக்கின் வலது கையை இழுத்து, பட்டறை மேசையில் முறுக்கியிருந்த, இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸின் வாய்க்குள் வைத்தான். வைஸ் மெக்கானிக்குடையது. அதற்கு அன்று காலையில்தான் கிரீஸ் போட்டிருந்தான். சத்தமே இல்லாமல் வழுவழுவென்று சுற்றியது.

"இந்த மாசம் தவணை எங்கடா?"

"முதலாளி, லாரிக்காரன் குடுக்கணும். குடுத்ததும்..."

"நீ எங்கிட்ட வாங்கினியா, லாரிக்காரன் வாங்கினானா?" என்று கேட்டு ஒரு சுளையை வாயில் போட்டார். "மாப்ளே, இன்னும் அரைச் சுத்து."

கல்லுப்பு காலில் மிதிபட்ட மாதிரி ஒரு சத்தம். மெக்கானிக் கத்தவில்லை. வாய் திறந்தபடி நின்றது, காற்றுதான் வந்தது. அவள் மண்ணெண்ணெய்த் தட்டைத் தூக்கிக் குறடின் மூஞ்சியில் வீசினாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்து, அவள் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் ஒரு தரம் மோதிவிட்டு, திரும்பிப் போய் மிச்சச் சுற்றையும் முடித்தான். பிறகு இருவரும் போய்விட்டார்கள். கையை எடுத்துவிடவில்லை. வைஸைத் தளர்த்தியது அவள்தான். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் கண்ணை மறைத்ததில் முதலில் தப்பான பக்கம் திருகிவிட்டாள். அப்போதுதான் அவன் கத்தினான். அந்தத் திருகலுக்காக அவன் அவளை மன்னிக்கவே இல்லை. குறடைக்கூடச் சில நாள் மறந்திருப்பான்.

இத்தனைக்கும் அவன் கை அவளுக்குப் புதிதல்ல. சேர்ந்து வாழ்ந்த காலமெல்லாம் அந்தக் கைக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். தப்பான அளவு எடுத்துக் கொடுத்தால் அதே ஸ்பேனர் அவள் மேல் பறந்து வரும். பன்னிரண்டாம் நம்பர் எது, பதினான்காம் நம்பர் எது என்று அவள் உடம்பில் பட்டே கற்றுக்கொண்டாள். பட்டறை நிற்கிற இடம் அவள் அப்பா கொடுத்த பணத்தில் வாங்கியது. முன்னால் கொட்டகை, பின்னால் ஒற்றை அறை வீடு. பத்திரம் அவன் பேரில். அந்தப் பத்திரம்தான் இப்போது பைனான்ஸ்காரரின் தோல் பையில் கிடந்தது. கடன் அடையாமல் போனால் அவளுக்கு நிற்க நிழல் கிடையாது. அவளுக்கு மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்.

கையில் மாவுக்கட்டு இருக்கும்போதே பைனான்ஸ்காரர் மறுபடி வந்தார். இந்தத் தடவை கூடவே ஒரு வண்டியும் கயிறு கட்டி இழுபட்டு வந்தது. அவருடைய அப்பா காலத்துப் பிக்கப். உருண்டை மூக்கு, தடித்த தகரம், மூன்று பேர் உட்காரும் ஒற்றை நீளச் சீட்டு. அந்த வண்டிகளில் கியர் கம்பி தரையில் இருக்காது. ஸ்டியரிங் கழுத்திலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். பட்டறைக்காரர்கள் அதைக் கை கியர் என்பார்கள். மார்புப் பக்கம் இழுத்துக் கீழே தள்ளினால் ஒன்று, மேலே தள்ளினால் ரிவர்ஸ். வெளிப்பக்கம் தள்ளி மேலே இரண்டு, கீழே மூன்று. கியர் அவ்வளவுதான்.

இந்த வண்டியில் அது இல்லை. பல வருசத்துக்கு முன்னால் அது அடிக்கடி சிக்கிக்கொள்கிறது என்று, தரையில் ஓட்டை போட்டுத் தரை கியராக மாற்றிவிட்டிருந்தார்கள். மாற்றியது இதே மெக்கானிக்.

"டேய், இதை ஒருத்தர் கேக்கறார். பழைய வண்டியா வாங்கிச் சேக்கறவர். அசல் எப்படி இருந்துச்சோ அப்படி இருந்தாத்தான் வேணுமாம். கை கியரா இருந்தா அவர் குடுக்கற காசுல உன்னை மாதிரி நாலு பேரை விலைக்கு வாங்கலாம்."

மெக்கானிக் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான்.

"அதுக்கென்ன இப்ப? இன்னொரு கை இருக்குல்ல?"

"இடது கையில எனக்கு நட்டுகூடப் பிடிக்க வராது முதலாளி."

"முன்னாடியே சொல்லியிருந்தா இடதை உடைச்சிருப்பேன்ல" என்றான் குறடு. உண்மையிலேயே வருத்தப்பட்ட மாதிரிதான் சொன்னான்.

பைனான்ஸ்காரர் சிரிக்கவில்லை. "இதைப் பிரிச்சவன் நீ. உனக்குத்தான் தெரியும். வேற எவன் கை வெச்சாலும் கெடுத்துடுவான். முடிச்சுக் குடு. வண்டி இந்தக் கேட்டைத் தாண்டினதும் உன் கடன் நோட்டையும் பத்திரத்தையும் இங்கயே குடுத்துட்டுப் போறேன். முடியலேன்னா அடுத்த வாரம் பட்டறையை இடிச்சு மண்ணு அள்ளிட்டுப் போவேன்."

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "முடிச்சுடலாம் முதலாளி."

குறடு அவளை மேலும் கீழும் பார்த்தான். "முடிக்கறது யாரு, அக்கா?"

"கை அவருக்குத்தானே ஒடிஞ்சிருக்கு" என்றாள்.

*

பழைய இரும்புக் கடைக்காரரிடம் இதே வகை வண்டி ஒன்று எரிந்துபோய்க் கிடந்தது. அதன் ஸ்டியரிங் கழுத்தை அவளே அறுத்து எடுத்து, தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தாள். கழுத்தோடு ஒட்டி இறங்கும் கியர் குழாய், குழாயின் அடியில் இரண்டு லீவர்கள், லீவரிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் இரண்டு ராடுகள். இவைதான் சாமான். எல்லாவற்றிலும் துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நுனி தோல் உரிந்தது.

லீவரில் புஷ் என்கிற வளையம் உட்காரும் துளைகள் தேய்ந்து முட்டை வடிவத்துக்குப் போயிருந்தன. அந்த ஆட்டம்தான் இந்த வண்டிகளுக்குப் பிடித்த சனியன். துளையில் ஒரு நூல் ஆட்டம் இருந்தால் மேலே பிடியில் ஒரு சாண் ஆடும். ஒரு லீவர் முழுசாகத் திரும்பாமலே அடுத்த லீவர் நகரும். இரண்டும் கோணிக்கொண்டு சிக்கி நிற்கும். ஓட்டுகிறவன் நடுரோட்டில் இறங்கி, பானட்டைத் திறந்து, கையால் தட்டி நேராக்க வேண்டும். லேத்துக்காரர் துளைகளைப் பெரிதாக்கி, பித்தளையில் புஷ் கடைந்து கொடுத்தார். கூலியை அப்புறம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். "உன் புருசன் கையைப் பார்த்தேம்மா. அந்த ஆளு வண்டிக்குத்தான் இந்த வேலைன்னா பித்தளையில விஷம் தடவிக் குடுப்பேன்" என்றும் சொன்னார்.

வண்டி கொட்டகைக்குள் தெருவைப் பார்த்து நின்றது. பின்பக்கம் ஒரே எட்டில் செங்கல் சுவர். அவள் அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். மெக்கானிக் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கத்தினான்.

"ஏய், ராடு மேலயா கீழயா?"

"மேல."

"எவடி உன்னை மேல வைக்கச் சொன்னா? குழாய்க்கு அந்தப் பக்கமா விடு."

"அந்தப் பக்கம் சைலன்சர் இடிக்குதுங்க."

"உன் தலைதான் இடிக்குது. நகத்துறியா இல்லியா?"

வெயில் தகரத்தில் இறங்கி, வண்டித் தகரத்தில் இறங்கி, அவள் மூஞ்சியில் இறங்கியது. பழைய எண்ணெயும் வியர்வையும் கண்ணுக்குள் போயின. கை தூக்கியே இருந்ததில் தோள்பட்டை மரத்துவிட்டது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவள் கால்தான் அவனுக்கு எட்டியது. ஒவ்வொரு தப்புக்கும் அந்தக் காலில் ஒரு உதை. செருப்புக்காலால்தான் உதைத்தான், கணுக்காலில். முதல் நாள் வீங்கியது. இரண்டாம் நாள் தோல் பிய்ந்தது. அவள் காலை மடக்கிக்கொண்டு வேலை செய்து பார்த்தாள். மடக்கினால் இடுப்பைத் தள்ளிப் போட முடியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், ஸ்ப்ளிட் பின் என்கிற சின்ன ஆணி ஒன்று அவள் கையிலிருந்து நழுவி உருண்டது. அவன் குதிகாலை ஓங்கி இறக்கினான்.

அவள் வெளியே வந்தாள். அவசரப்படாமல் வந்தாள். எழுந்து நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கையில் இருந்த இரும்பு ராடை இரண்டு கையாலும் பிடித்து, அவன் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் ஒரு அடி போட்டாள். ஸ்டூலோடு விழுந்தான். விழும்போது கட்டுப் போட்ட கையை ஊன்றிவிட்டான். அவன் போட்ட சத்தத்தில் எதிர்ப்புறத்து டீக்கடைக்காரர் கண்ணாடிக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே தெருவைத் தாண்டி வந்தார்.

"என்னாச்சும்மா?"

"ஒண்ணுமில்லண்ணே. ஸ்டூல் கால் ஒடிஞ்சிருச்சு."

டீக்கடைக்காரர் ஸ்டூலைப் பார்த்தார். அது நாலு காலோடு நன்றாக இருந்தது. அவர் பார்வை அவள் கையில் இருந்த ராடுக்குப் போனது. "ஸ்டூல்னா ஒடியத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அவள் குனிந்து அவனிடம் சொன்னாள். "காலை உதைச்சா நட்டு இறுகாது. வாயால சொல்லுங்க. நான் செய்யறேன். பட்டறை போச்சுன்னா தெருவுல நிக்கப்போறது நான்."

அதற்குப் பிறகு அவன் உதைக்கவில்லை. தேவைக்கு மட்டும் பேசினான். வேலை ஓடியது. தரையில் இருந்த ஓட்டையைத் தகடு வைத்து மூடி ரிவிட் அடித்தாள். கழுத்தை மாட்டினாள். இரண்டு லீவரையும் நேராக நிறுத்தி, இரண்டின் துளைக்கும் சேர்த்து ஒரு ஆணியைக் குத்தி நியூட்ரலில் பிடித்துக்கொண்டு, ராடுகளின் நீளத்தைத் திருகித் திருகிச் சரிபார்த்தாள். ஆணியை உருவிய பிறகு பிடியை அசைத்துப் பார்த்தபோது, சிக்காமல், ஆடாமல், கிளுக் கிளுக் என்று நாலு பக்கமும் போய் வந்தது. அவளையும் அறியாமல் சிரித்துவிட்டாள். அவன்கூட இடது கையை நீட்டி ஒருதரம் தொட்டுப் பார்த்தான்.

"பரவாயில்லடி" என்றான்.

*

பைனான்ஸ்காரர் வருவதாகச் சொன்ன நாளுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. அன்று காலை, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, இஞ்சினைக் கிளப்பி, அவள் ஒன்றாம் கியர் போட்டாள்.

"ஏய், நிறுத்து நிறுத்து!" என்றான் மெக்கானிக். "என்ன போட்டே?"

"ஒண்ணு."

"சக்கரம் பின்னாடி சுத்துதுடி."

ரிவர்ஸ் போட்டாள். சக்கரம் முன்னால் சுற்றியது. இரண்டும் மூன்றும் சரியாக இருந்தன. அவள் இஞ்சினை அணைத்தாள். மெக்கானிக் நெற்றியில் இடது கையால் அடித்துக்கொண்டான்.

கியர் பாக்ஸின் பக்கவாட்டில் ராடு வந்து சேர்கிற இடத்தில் இரண்டு ஆர்ம், குட்டை இரும்புக் கைகள், உண்டு. அவற்றில் ஒன்று, முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும். அதைத் தலைகீழாக மாட்டினால் ஒன்று ரிவர்ஸாகும், ரிவர்ஸ் ஒன்றாகும். தரை கியர் வைத்தபோது அந்தக் கம்பிக்குத் தோதாக அவன்தான் அதைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியிருந்தான். இப்போது திருப்பச் சொல்ல மறந்துவிட்டான். அவள் இருந்ததை இருந்தபடியே விட்டு ராடைக் கோத்துவிட்டாள்.

"ஒரு நட்டுத்தானே. கழட்டித் திருப்பி மாட்டிடறேன். அரை மணி நேரம்."

அவன் வண்டியின் பின்னால் போய், பின் கதவுக்கும் செங்கல் சுவருக்கும் நடுவில் நின்றான். சுவரைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்து, தூங்குகிற பிள்ளையைத் தட்டுவது மாதிரி இடது கையால் தட்டிக்கொண்டே யோசித்தான்.

"இரு. அவசரமில்ல. மொதல்ல சாப்பிடு."

சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவன் அவளைச் சாப்பிடச் சொன்னதே இல்லை.

"எதுக்கு இப்ப சாப்பாடு?"

"அவன் வரும்போதெல்லாம் எங்க நிப்பான்னு பார்த்திருக்கியா? குறடு. இங்கதான். சுவத்துல சாஞ்சு, நிக்கற வண்டி பம்பர்ல ஒத்தக் காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு. முதலாளிதான் வண்டியை எடுப்பாரு. எடுக்காம இருக்கமாட்டாரு, அவங்கப்பா வண்டி. ஒண்ணு போடுவாரு." சிரித்தான். "என் கைக்கு அவன் இடுப்பு."

"வண்டி கேட்டைத் தாண்டினாத்தான் பத்திரம். சுவத்துல மோதினா கொலைதான்."

"நம்ம மேல என்ன தப்பு? ஓட்டினது அவர்."

"மாட்டினது நான்."

அவள் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கிவிட்டு ஸ்பேனரைத் தேடினாள். மேசையில் இல்லை, தட்டில் இல்லை. அவன் மடியில் செருகியிருந்தான். பிடுங்கப் போனாள். இடது கையால் அவள் தொண்டையைப் பிடித்துத் தூணோடு சேர்த்தான். அந்தக் கைக்கு நட்டுப் பிடிக்கத்தான் வராது, மற்றது நன்றாகவே வந்தது. அவள் கண் இருட்டிக்கொண்டு வரும்போது தெருவில் ஹாரன் கேட்டது.

*

ஒரு நாள் முந்தியே வந்துவிட்டார்கள். கார், வண்டியை வாங்க வந்தவருடையது. கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாமா என்று கேட்டார். பட்டறைக்குள் அப்படிக் கேட்டவரை அவள் அதுவரை பார்த்ததில்லை. பைனான்ஸ்காரர் அன்றைக்கு வெள்ளைச் சட்டை, வாசனைத் தண்ணி. குறடு வாயில் பல்குச்சி.

கண்ணாடிக்காரர் வண்டிக்குள் தலையை நீட்டி, கழுத்தில் நீட்டிக்கொண்டிருந்த கியர் பிடியைப் பார்த்தார். "அடடா" என்றார். "யார் செஞ்சது இதை?"

"நம்ம பையன்தான்" என்று மெக்கானிக்கின் முதுகில் தட்டினார் பைனான்ஸ்காரர். "கை உடைஞ்ச பிறகும் எப்படிச் செஞ்சிருக்கான் பாருங்க."

"எப்படி உடைஞ்சது?"

"வைஸ்ல மாட்டிக்கிச்சு சார்" என்றான் குறடு. வண்டியின் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தான். ஒற்றைக் காலைப் பம்பரில் தூக்கி வைத்தான்.

பைனான்ஸ்காரர் ஏறி உட்கார்ந்தார். அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். குரல் கரகரத்தது.

"முதலாளி, எடுக்காதீங்க. ஒண்ணு போட்டா பின்னாடி போகும். ரிவர்ஸ் போட்டாத்தான் முன்னாடி போகும். அடியில ஒரு ஆர்ம் தலைகீழா இருக்கு. ஒரே ஒரு நட்டு. அரை மணி நேரம் குடுங்க, மாத்திடறேன்."

"என்னம்மா சொல்றே? ஒண்ணு போட்டா பின்னாடியா?" அவர் சிரித்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். "டேய், உன் பொண்டாட்டி சொல்றது நிசமா?"

அவள் அவனைப் பார்த்தாள். கண்ணால் கெஞ்சினாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

"அவ கிடக்கறா முதலாளி. ஸ்பேனர் எடுத்துக் குடுக்கறவளுக்குக் கியரைப் பத்தி என்ன தெரியும்? வண்டி பக்காவா இருக்கு. எடுங்க."

"அவங்க சொல்றாங்களே, பார்த்துட்டே எடுக்கலாமே" என்றார் கண்ணாடிக்காரர்.

"பொம்பளை பேச்சைக் கேட்டா வண்டி கொட்டாயை விட்டே வெளிய வராது சார்" என்றார் பைனான்ஸ்காரர்.

அவள் பின்பக்கம் பார்த்துக் கத்தினாள். "தம்பி, நகரு! சுவத்தை விட்டு நகரு!"

"ஏன்க்கா, சுவரு விழுந்துடுமா?" என்று கேட்டு, குறடு இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

இஞ்சின் உறுமியது. அவள் படியில் தாவி ஏறிச் சாவியை எட்டிப் பிடிக்கப் போனாள். பைனான்ஸ்காரர் உள்ளங்கையை அவள் மூஞ்சியில் வைத்துத் தள்ளினார். மல்லாக்க விழுந்தாள். கீழே கிடந்தபடியே அவர் பிடியை மார்புப் பக்கம் இழுத்துக் கீழே இறக்கியதைப் பார்த்தாள். கிளுக். சிக்காமல், ஆடாமல் விழுந்தது.

வண்டி பின்னால் பாய்ந்தது.

குறடு கத்துவதற்கு முன்னால் சுவர் கத்தியது. செங்கல் பெயர்ந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவன் குரல். பைனான்ஸ்காரர் கிளச்சை மிதித்தார். முன்னால் எடுக்க வேண்டும் என்று மட்டும்தான் அவருக்குத் தோன்றியிருக்கும். முன்னால் போக வேண்டுமென்றால் ஒன்று. ஆயுசு முழுக்கக் கைக்குப் பழகியது அது. பிடியை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மறுபடி ஒழுங்காக ஒன்று போட்டு, முன்பை விட அழுத்தி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். வண்டி மறுபடியும் இடித்தது. இந்தத் தடவை செங்கல் சத்தம் இல்லை. வேறு சத்தம்.

"ரிவர்ஸ் போடுங்க! ரிவர்ஸ்!" என்று அவள் அலறினாள். ரிவர்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் இன்னும் பயந்து ஒன்றையே பிடித்துக்கொண்டார். அவள் எழுந்து ஓடி, வெள்ளைச் சட்டையின் காலரைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. காதோடு மயிரைச் சேர்த்துப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டாள். இஞ்சின் திணறி நின்றுவிட்டிருந்தது. உள்ளே ஏறிக் கிளச்சை மிதித்து, பிடியை மேலே தள்ளி, சாவியைத் திருப்பினாள். வண்டி முன்னால் நகர்ந்தது. பின்னால் ஒரு மூட்டை சரிந்து விழுகிற சத்தம் கேட்டது.

குறடின் வலது கால் முழங்காலுக்குக் கீழே எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்ல முடியவில்லை. பல்குச்சி மட்டும் வாயிலேயே இருந்தது. கண்ணாடிக்காரர் சுவரோரம் போய் வாந்தி எடுத்தார். எடுத்து முடித்ததும் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றிக் குறடின் தொடையில் கட்டினார். அவளும் அவருமாகத் தூக்கி வண்டியின் பின்தட்டில் போட்டார்கள். பைனான்ஸ்காரர் தவழ்ந்து ஏறினார். மெக்கானிக் தூணில் சாய்ந்து நின்றான். அவன் நின்ற நிலையில் ஒரு நிம்மதி இருந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி வரை அவள்தான் ஓட்டினாள். எந்த முனையில் நின்றாலும் ரிவர்ஸில் கிளப்பி, இரண்டு, மூன்று. மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஓடவில்லை. பின்னாலிருந்து மழைச் சத்தத்தையும் தாண்டி அவன் குரல் கேட்டுக்கொண்டே வந்தது.

"மாமா... ஏன் மாமா மறுபடியும் இடிச்சே? ஏன் மாமா?"

*

காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டு உள்ளே போனார். நடைபாதையில் ஈரத் துணியோடு அவளும் பைனான்ஸ்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. அக்குளில் தோல் பை அப்போதும் இருந்தது.

"நீ சொன்னே" என்றார்.

"சொன்னேன்."

"உன் புருசன் தெரிஞ்சேதான் எடுக்கச் சொன்னானா?"

"உங்க மாப்பிள்ளை வைஸைத் திருகினது தெரிஞ்சுதானே?"

"இன்னிக்கே அவன் கதையை முடிக்கறேன்."

"முடிங்க. உங்க அக்கா வந்துட்டிருக்காங்க. மொத இடியை வண்டி மேல போட்டுடலாம். ரெண்டாவது இடியை யார் மேல போடுவீங்க?"

அவர் கைகளை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"அக்காவுக்கு ஒரே பையன்."

"தெரியும்."

"என்ன வேணும் உனக்கு?"

"சொன்னது வேணும். வண்டி கேட்டைத் தாண்டினா நோட்டும் பத்திரமும்னு சொன்னீங்க. தாண்டி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்திருச்சு. அப்புறம் அவரைத் தொடக்கூடாது. நல்லவர்னு சொல்லல. இன்னொரு ரத்தத்தைக் கழுவ எனக்குத் தெம்பு இல்ல. அவரை நான் வெளியேத்திக்கறேன். நீங்க பட்டறைப் பக்கம் வரக்கூடாது."

"குடுக்க மாட்டேன்னு சொன்னா?"

"உள்ள படுத்திருக்கறவனே அக்காகிட்ட சொல்லுவான். அவன் கேட்டுக்கிட்டேதான் வந்தான், உங்களுக்கும் காது கேட்டிருக்கும். பக்கத்துல நின்னு நானும் ஆமான்னு சொன்னா ஒண்ணு. மயக்கத்துல உளர்றான்னு சொன்னா ஒண்ணு."

அவர் பையைத் திறந்தார். நோட்டின் ஓரம் நனைந்திருந்தது. நர்சிடம் பேனா வாங்கினார். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி நிறுத்தினார்.

"யார்கிட்டேருந்துன்னு எழுத?"

"என் பேரைப் போடுங்க."

"கடன் வாங்கினது அவன்."

"அடைச்சது நான்."

எழுதிக் கையெழுத்துப் போட்டார். நோட்டையும் பத்திரத்தையும் அவள் வாங்கி, நனையாமல் இடுப்புக்குள் மடித்துச் செருகினாள். ஈரத்தில் அவை தோலோடு ஒட்டிக்கொண்டன.

அப்போதுதான் அக்காக்காரி ஓடிவந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "என் பையனுக்கு என்னடா ஆச்சு? யாருடா ஓட்டினா வண்டியை?"

பைனான்ஸ்காரர் தரையைப் பார்த்தார்.

"யாரும் ஓட்டலம்மா" என்றாள் அவள். "வண்டி தானா பின்னாடி உருண்டுருச்சு. தம்பி சுவத்தோரம் நின்னுட்டிருந்தான். வலியில யாரையாவது சொல்லி உளறுவான். மனசுல வெச்சுக்காதீங்க."

"நீ யாரு?"

"பட்டறைக்காரி."

அக்காக்காரி அவளை ஓங்கி அறைந்தாள். நடைபாதை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "பட்டறை வெச்சிருக்கியே, பாவி! சக்கரத்துக்கு ஒரு கல்லு வைக்கத் தெரியாதா உனக்கு?"

அவள் வாயில் ரத்தம் கரித்தது. இடுப்பில் காகிதம் பத்திரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டாள். "தெரியலம்மா" என்றாள்.

பைனான்ஸ்காரர் தலையைத் தூக்கவில்லை. மிச்சம் இருந்த அந்தப் பெட்ரோல் செலவு அறுநூற்று ஐம்பதும் அந்த அறையோடு தீர்ந்தது.